உறுமியை வெட்டிய விதி

பல குரல்களையும் பல வாத்தியங்களையும் தனித்தனியே பதிவு செய்து, பின்னர் அவற்றை அளவறிந்து கலந்து, ஒரே பாட்டாக வெளியிடுவது இக்காலத்து இசைத் தொழில். அக்கலவையை ‘மிக்ஸிங்’ என்று தொழிலில் வழங்குவர். நாம் ஒலிக்கலவை என்போம். இத்தொழிலுக்கு விதிகள் உண்டா, இல்லையா என்னும் வழக்கு நம் இளைஞரிடையே பலமாக நடந்து வருகின்றது. ஒரு சாரார், “விதிகள் உண்டு, அவை நூல்களில் எழுதப்பட்டிருக்கின்றன, அவற்றைப் பிசகாமல் கைக்கொள்பவனே ஒலிப்பதிவாளன்” என்கின்றனர். மற்றொரு சாரார், “விதியாவது, மண்ணாவது! காதுக்கு நன்றாயிருந்தால் போதும்” என்கின்றனர்.

முன்னவர் குருட்டுப் பண்டிதர், பின்னவர் சோம்பேறிகள். இப்படிச் சொன்னால் இரு கட்சியாரும் நம்மீது சினங்கொள்வர். கொள்ளட்டும். கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேளாமலே இருவரும் வழக்காடுகின்றனர் என்பதே நமது குற்றச்சாட்டு. “இந்த விதி எக்காரணத்தால் ஏற்பட்டது? அக்காரணம் இன்னும் உயிரோடிருக்கிறதா?” என்பதே அக்கேள்வி.

தோட்டத்தில் குலை அறுப்பவனுக்கும் கடையில் சரக்கு நிறுப்பவனுக்கும் இவ்வாராய்ச்சியால் ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் நாளை கேட்கப் போகும் பாட்டில் நம்முடைய வாத்தியம் இருக்குமா, இராதா என்பது இதனால் முடிவாகின்றது. இதைவிட வேறென்ன வேண்டும்?

சிராங்கூனில் கண்டது

எங்கள் தோட்டத்து இளைஞர் சிலர் உறுமி மேளக் குழு ஒன்றை நடத்தி வருகின்றனர். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைச் சேர்த்து, ஒரு பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமென்னும் ஆசையால், ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றனர். கணக்குப் பார்க்கவும் ஆங்கிலம் பேசவும் ஓர் ஆள் வேண்டுமென்று, கிராணியாகிய என்னையும் உடன் அழைத்துக்கொண்டனர். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் அமைந்திருந்தது அப்பதிவுக்கூடம்.

பதிவாளர் இளைஞர்; தமிழர்; பண்புடனே நடந்துகொண்டார். பதிவும் கலவையும் முடிந்தபின் பாட்டைப் போட்டுக் காட்டினார். பாட்டுக்காரன் குரல் முன்னே நின்றது. கணிப்பொறியிலிருந்து எடுத்துச் சேர்த்த மத்தளம் இடித்தது. கீபோர்டு பளிச்சென்று கேட்டது. எங்கள் குழுவின் மூத்தவரான உறுமிக்காரர் இருமுறை கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்:

“தம்பி, எல்லாம் நன்றாய்த்தான் இருக்கிறது. நம் உறுமி எங்கே?”

“இருக்கிறது ஐயா, கொஞ்சம் பின்னால் இருக்கிறது.”

“தட்டுவது கேட்கிறது. உறுமுவது கேட்கவில்லையே?”

“120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும் ஐயா. அந்த இடம் டிரம்முக்கும் பேஸ் கிதாருக்கும் மட்டுந்தான். அதுதான் ரூல்.”

உறுமி என்பது இடை சிறுத்து, இருமுகமும் தோல் போர்த்த கருவி. ஒரு முகத்தைக் குச்சியால் தட்டுவர். மற்றொரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பர். அத்தேய்ப்பில், அடிவயிற்றிலிருந்து எழுவது போன்றதோர் ஓசை ஏறியும் இறங்கியும் ஒலிக்கும். அதனாலேயே அதற்கு உறுமி என்று பெயர். அன்று பதிவான உறுமலின் அடி முழுவதும் அந்தக் கீழ்ப்பகுதியிலேதான் கிடந்தது. அதை வெட்டிய பிறகு மிஞ்சியது என்ன? வெறுந்தட்டு. உறுமி மேளத்தின் பாட்டிலிருந்தே உறுமியை நீக்கிவிட்டது ஒரு விதி! இவ்விதி எத்தகையது என்று காண்பதற்கு முன், விதிகள் எல்லாம் ஒரே சாதியின என்னும் மயக்கத்தை நீக்கிக்கொள்வோம்.

இயற்கையின் விதி

முதல் வகை, யாரும் வகுக்காத விதி. இக்காலத்துப் பதிவில் ஒலியானது எண்ணாக மாற்றப்படுகின்றது. 1982-ல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்தனர். மனிதச் செவிக்கு எட்டும் உச்ச ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு. அதற்கு இருமடங்குக்கு மேல் அளந்தாலன்றி அவ்வொலியைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே அந்த எண். மேல்படிக்கு மேலே படி கிடையாது; அதற்கு மேலும் ஒலியைத் தள்ளினால் அலையின் தலை வெட்டுண்டு, ஓசை பிளந்து கேட்கும். எவ்வளவு பெரிய மேதையாயினும் இதற்கு விலக்கில்லை.

மத்தளத்துக்கும் தவிலுக்கும் இருபுறமும் ஒலிவாங்கி வைப்பவர் மற்றொன்றை அறிவர். ஒரு முகத்துத் தோல் உள்ளே போகுங்கால் மறுமுகத்துத் தோல் வெளியே தள்ளப்படலாம். அவ்விரண்டு பதிவுகளையும் அப்படியே கூட்டினால், ஓர் அலையின் மேடும் மற்றோர் அலையின் பள்ளமும் சேர்ந்து ஒன்றையொன்று விழுங்கிவிடும். இரண்டு ஒலிவாங்கி வைத்தும், ஒன்று வைத்ததைவிட ஓசை மெலியும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் குறை நீங்கும்.

செவியின் இயல்பும் இவ்வகையினதே. பெல் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்பார் 1933-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை அளந்து காட்டியது. மெதுவாகக் கேட்குங்கால் கீழ்ஒலிகள் நமக்கு மறைந்து போகும். உரக்கக் கேட்குங்கால் அவை எழுந்து நிற்கும். ஆதலால் கூடத்தில் காது செவிடாகும்படி வைத்துக் கலந்த பாட்டு, வீட்டில் மெதுவாகப் போட்டால் அடியற்றுக் கிடக்கும். மேலும், ஏறக்குறைய ஒரே சுருதியில் இரண்டு ஒலிகள் சேர்ந்து வந்தால் வலியது மெலியதை மூடிவிடும்.

இவ்விதிகளை எந்த முனிவரும் அருளவில்லை. எந்தத் துரையும் ஆணையிடவில்லை. உயர்ந்தோன், தாழ்ந்தோன் என்று பாராமல் எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு வழங்குபவை இவை. இவற்றுக்குப் பணிவது அடிமைத்தனமன்று, அறிவு.

மாண்ட இயந்திரத்தின் விதி

இரண்டாம் வகை, ஒரு காலத்து இயந்திரத்துக்காகப் பிறந்து, அவ்வியந்திரம் மாண்ட பின்னும் உலவும் விதி. 1902-ல் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் பதிவாளர் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவில் பதிவு செய்தார். 1903-ல் சிங்கப்பூருக்கும் வந்து பதிவு செய்தார். அக்காலத்தில் மின்சார ஒலிவாங்கி கிடையாது. பாடுவோர் ஒரு பெரிய கொம்பின் வாய்க்கு நேரே நின்று உரக்கப் பாட வேண்டும். ஓசை மிக்க வாத்தியத்தைத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். தூரமே அன்றைய ஒலிக்கலவை. முழவை எட்ட வைத்தது அந்தக் கொம்பின் குறை, முழவின் குறையன்று. 1925-ல் மின்சாரப் பதிவு வந்து கொம்பு ஒழிந்தது. ஆயினும் ‘குரல் முன்னே, முழவு பின்னே’ என்பது அனாதி சாஸ்திரம் போலப் பேசப்படுகின்றது.

பழைய பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷச் சொச்சத்துக்கு மேல் அடங்காது. அதனால் ஆலாபனையைக் கத்தரித்தனர். 1948-ல் நீண்டநேர இசைத்தட்டு வந்தது, அக்கட்டாயம் போயிற்று, பாட்டின் நீளம் மட்டும் பெரும்பாலும் அங்கேயே நிற்கின்றது. கீழ்ஒலிகளை எப்போதும் நடுவிலேயே வைக்க வேண்டும் என்னும் விதியும் இத்தகையதே. இசைத்தட்டில் அவற்றை இடம் வலமாகப் பிரித்து வைத்தால் ஊசி தாவிவிடும் என்னும் அச்சம் அவ்விதிக்குப் பெரும்பலம் தந்தது. ஊசியே இல்லாத இக்காலத்திலும் அதைச் சொல்வோர் உளர்; ஊசியை நினைத்துச் சொல்வோர் இலர்.

எங்கள் தோட்டத்தில் ஒரு காலத்தில் கித்தா மரங்கள் இருந்தன. வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகையால் இருள் பிரியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டுமென்று விதித்தனர். கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக் குலையில் பால் ஓடுவதில்லை. பெரட்டு நேரம் மட்டும் மாறவில்லை. ஏனென்று கேட்டால், “எப்போதும் அப்படித்தான்” என்பதே விடை. ஒலிப்பதிவு நூல்களிலும் இத்தகைய பெரட்டு நேரங்கள் பல இருக்கின்றன.

அத்தகைய ஒன்று எவ்வாறு உடைந்தது என்பதற்கு லண்டனிலிருந்தே ஒரு சான்று காட்டுவோம். அங்கே இ.எம்.ஐ. கம்பெனியின் அபே ரோடு கூடத்தில், பெரிய மத்தளத்துக்கு இவ்வளவு தூரத்துக்குள் ஒலிவாங்கியைக் கொண்டுவரலாகாது என்று விதி இருந்தது. கருவி பழுதாகுமென்பது காரணம். 1966-ல் பீட்டில்ஸ் குழுவைப் பதிவு செய்த ஜெப் எமெரிக் என்னும் 20 வயது இளைஞர், ஒலிவாங்கியை மத்தளத்துக்கு அருகே தள்ளினார். மத்தளத்துக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்தார். மேலதிகாரிகள் கண்டித்தனர், பின்னர் அக்குழுவுக்கு மட்டும் விலக்குத் தந்தனர் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். இன்றோ ஒலிவாங்கியை மத்தளத்துக்கு மிக அருகே வைப்பதே எங்கும் வழக்கம். நேற்றைய குற்றம் இன்றைய விதி! அந்த இன்றைய விதியைத்தான் நம் பதிவாளர்கள் வேதமென்று ஓதுகின்றனர்.

அந்தஸ்தின் விதி

மூன்றாம் வகையே கொடியது. அந்தஸ்தைக் காப்பதற்காக ஏற்பட்டு, இயற்கையின் வேஷத்தைப் புனைந்து வருவது.

1940-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. கட்டைகளின் சுருதி மாறாது. கட்டைக்கும் கட்டைக்கும் இடையே கமகம் வழுக்கிச் செல்ல இயலாது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அது மெய், யாம் மறுக்கவில்லை. ஆனால் அக்காரணத்தால் விளையும் நியாயமான முடிவு யாது? கமகம் மிகுந்த இராகத்துக்கு அவ்வாத்தியம் ஏற்றதன்று என்பதே. நாடகமேடைக்கும் பஜனைக் கூட்டத்துக்கும் ஏழைப் பாட்டுக்காரனுக்கும் துணைநின்ற ஒரு வாத்தியத்தை வாசலோடு நிறுத்துவதற்கு அக்காரணம் போதுமா? 1971 வரை அத்தடை நீடித்தது. அப்போதும் அடியோடு நீங்கவில்லை.

1952-ல் மந்திரியாக வந்த கேஸ்கர் காலத்தில் அதே வானொலி, மக்களின் ரசனையைத் திருத்தப் போவதாகச் சினிமாப் பாட்டை ஒதுக்கியது. மக்கள் திருந்தினரா? இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டனர். 1957-ல் விவித் பாரதி என்று ஒரு தனிச் சேவை தொடங்கி, விரட்டியதையே அழைத்துவர நேர்ந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டு கேட்கவேண்டுமென்பதற்கே 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூட்டவும், 1943-ல் தமிழிசைச் சங்கம் காணவும் வேண்டியிருந்ததன்றோ? அதை எதிர்த்தவர்களும் சங்கீதத்தின் தூய்மையென்னும் பேரைச் சொல்லியே எதிர்த்தனர்.

இம்மூன்றிலும் நடந்த தந்திரம் ஒன்றே. ஒரு சிறு உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு, அதனால் நிலைநாட்ட முடியாத பெரிய தீர்ப்பைச் சொல்லிவிடுவது. இதை மனத்திற்கொண்டு, மீண்டும் சிராங்கூன் மாடிக்கு வருவோம்.

“வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்?” என்று பதிவாளரைக் கேட்டேன். அவர் நேர்மையானவராதலால், வெட்டை நீக்கிப் போட்டுக் காட்டினார். உறுமி வந்தது. ஆனால் பாட்டுக் குழம்பியது. இயந்திர மத்தளமும் பேஸ் கிதாரும் உறுமியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சேற்றில் எருமைகள் புரண்டாற்போல் ஆயிற்று. “பார்த்தீர்களா?” என்றார். பார்த்தோம். அவர் விதிக்குக் காரணம் உண்டென்பதையும் உணர்ந்தோம். ஒரே இடத்தில் பல கீழ்ஒலிகள் தெளிவாக நிற்க இயலாது; ஒன்றுக்கு இடம்விட்டு மற்றவை விலக வேண்டும். இது முதல் வகை விதி. அவ்வளவில் அது மெய்.

ஆனால் விலக வேண்டியது யார்? அதை இயற்கை சொல்லவில்லையே! மேனாட்டு நூலை எழுதியவர்க்கு உறுமி தெரியாது. அவர் நாட்டுப் பாட்டில் அந்த இடத்துக்கு உரியவை டிரம்மும் பேஸ் கிதாரும். ஆகவே மற்றவற்றை விலக்கு என்றார். அவருக்கு அது பொருந்தும். எங்கள் குழுவிலோ பேஸ் கிதார் வாசிப்பவர் ஒருவருமில்லை. அது பாட்டுக்கு அழகு சேர்க்கக் கணிப்பொறி அனுப்பிய விருந்தாளி. விருந்தாளிக்குக் கூடத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரனை வெளியே நிறுத்தியது அந்தக் கலவை. பறையையும் உறுமியையும் சாவு வீட்டோடும் சேரியோடும் நிறுத்தி, அவற்றை வாசித்தவனை இழிந்தவன் என்று ஒதுக்கிய நாட்டிலிருந்து வந்தவர் நாம். அந்த ஒதுக்கலை அங்கே செய்தவர் அறிந்தே செய்தனர். இங்கே ஒரு நல்ல தமிழ் இளைஞர், யாரையும் இழிவுபடுத்த நினையாமலே, ஒரு பொத்தானை அழுத்தி அதையே செய்துவிட்டார். காரணம் கேளாத விதி இத்தகைய வேலையைத்தான் செய்யும்.

“பேஸை எடுத்துவிட்டு உறுமிக்கே அந்த இடத்தைக் கொடுத்துப் பாருங்கள் தம்பி” என்றார் மூத்தவர். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. பேஸ் கிதார் போயிற்று. இயந்திர மத்தளத்தின் அடி குறைந்தது. உறுமி நடுவே வந்து நின்றது. குழப்பம் இல்லை. பதிவாளரே முகமலர்ந்து, “இனி இந்த மேளம் வந்தால் கேட்டுவிட்டுத்தான் வெட்டுவேன் ஐயா” என்றார்.

விதியே இல்லை என்பார்க்கு

இதைக் கேட்டு இரண்டாம் கட்சியார் கைதட்டுவர். “பார்த்தீர்களா, விதியே வேண்டாம் என்றுதானே நாங்களும் சொன்னோம்?” என்பர். அன்பர்களே, அவசரப்பட வேண்டாம். விதியைப் பாராமல் வெட்டை நீக்கியபோது வந்தது சேறு. விதியின் காரணத்தை உணர்ந்து இடம் மாற்றிய பிறகே பாட்டு வந்தது.

மேலும், விதியில்லை என்பவர் விதியின்றி வாழ்கின்றனரா? கணிப்பொறிக்குள் சரக்கு விற்பவன் முன்கூட்டியே எழுதி வைத்த அமைப்புகளை ஒரு தட்டில் போட்டுக்கொள்கின்றனர். குரலுக்கு ஒன்று, முழவுக்கு ஒன்று. அவை யார் குரலுக்காக, எந்த முழவுக்காக எழுதப்பட்டவை என்று கேட்பதில்லை. 1997-ல் வெளிவந்த ஆட்டோடியூன் என்னும் கருவியைச் சுரம் தவறுபவனுக்கு மருந்தாகக் கொள்ளலாம். அதைப் பன்னிரண்டு படிக்கும் கண்மூடித் திருப்பிவைத்து ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் பூசினால், கமகம் வழுக்கிச் செல்லும் வழியெல்லாம் படிக்கட்டாகிவிடும். ஆர்மோனியத்தைப் பழித்த ஊரில், பாடகன் தொண்டைக்குள்ளேயே ஆர்மோனியத்தை வைத்துத் தைக்கின்றனர். கேட்டால் சுதந்திரம் என்கின்றனர்!

உரப்புப் பைத்தியமும் அப்படியே. பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டுமென்று ஓசையைப் பிழிந்து மேல்படியோடு ஒட்டவைத்தனர். 2006-ல் உரப்பை அளக்கும் உலகப் பொதுமுறை ஏற்பட்டது. 2010-ல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம் அதைக்கொண்டு ஓர் அளவை வகுத்தது. இன்று இணையவழி இசை தரும் பெரிய நிறுவனங்கள் பலவும் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கச் செய்கின்றன. பிழிந்தவன் பாட்டு தாழ்த்தப்படும்; பிழிந்ததால் போன உயிர் மட்டும் திரும்பி வராது.

மேதைகள் விதியை மீறவில்லையா என்பர். மீறினர். 1976-ல் ‘அன்னக்கிளி’ வழியே கிராமத்து மெட்டைப் படத்துக்குள் கொண்டுவந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையிலக்கணம் பயின்றவர். 1992-ல் ‘ரோஜா’ மூலம் கேள்விப்படாத ஒலியைத் தந்த ஏ.ஆர். ரகுமானோடு பல்லாண்டு பணிபுரிந்த ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர், தொழிலின் நுணுக்கங்களைக் கரைத்துக் குடித்தவர். அறியாதவன் விதியை மீறுவதில்லை. இருட்டில் அதன்மேல் இடறி விழுகின்றான்.

காரணம் சொல்லும் விதி

சிராங்கூன் வாசகர்கள் இவ்விடத்தில் தைப்பூசத்தை நினைப்பர். பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை செல்லும் காவடி ஊர்வலத்தில் 1973-ல் வாத்திய இசை தடுக்கப்பட்டது. அலகு குத்துவதைப் பற்றி நமது அபிப்பிராயம் வேறு. இங்கே பேச்சு ஒலியைப் பற்றியது. குழுக்களுக்குள் போட்டியும் சச்சரவும் ஊர்வலத்தைக் குலைத்தன என்று காரணம் சொல்லப்பட்டது. அக்காரணத்தை ஏற்றவரும் உளர், மறுத்தவரும் உளர். ஆனால் காரணம் சொல்லப்பட்டதனால் வாதாட இடமிருந்தது. 2016-ல் வழியிலே குறித்த 3 இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. காரணத்தோடு நிற்கும் விதியைக் காரணத்தால் அசைக்கலாம். “அதுதான் ரூல்” என்று மட்டும் சொல்லும் விதியோடு என்ன பேசுவது?

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. பணம் கொடுத்துப் பதிவு செய்யும் குழுவினர், தங்கள் வாத்தியம் எங்கே வெட்டப்பட்டது, ஏன் வெட்டப்பட்டது என்று கேட்டறிய வேண்டும். அது மரியாதைக் குறைவன்று. பதிவாளர்கள் பொத்தானில் கை வைக்குமுன், “இப்பாட்டின் வீட்டுக்காரன் யார்?” என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். உறுமியும் பறையும் தவிலும் நாகசுரமும் எவ்வெவ்விடத்தில் ஒலிக்கின்றன, ஒலிவாங்கியை எங்கே வைத்தால் எது கிடைக்கும் என்பதை அளந்து, நல்ல தமிழில் நூலாக எழுத வேண்டும். அதற்கு ஆங்கிலம் படித்த பதிவாளரும், தோலை வார்பிடித்துக் கட்டும் மேளக்காரரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். பிறர் வாத்தியத்துக்கு எழுதிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு நம் வாத்தியத்தைக் குற்றம் சொல்வது அறிவுடைமையாகாது. நூலே வேண்டாமென்று எறிவதும் அறிவுடைமையாகாது.

எங்கள் இளைஞர் அன்று மாலை பேருந்தில் தோட்டம் திரும்புங்கால், அப்பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் கேட்டனர். அச்சிறு பெட்டியில் கீழ்ஒலி எழவில்லை. உறுமல் மீண்டும் மறைந்தது. மூத்தவர் சிரித்து, “இது பெட்டியின் குறை, பாட்டின் குறையில்லை” என்றார். இயற்கையின் விதி எது, மனிதன் வைத்த விதி எது என்று அவருக்கு யாரும் பாடம் சொல்லவில்லை. நூல் படித்த நாமும் அவ்வளவேனும் அறிந்துகொள்வோமாக!